நாலு கோடும் நிக்குது, நெட் மட்டும் வரல

போனின் மேல் மூலையில் நிற்கிற கோடுகளை வைத்து, சிம் போட்டு ஓடும் 4ஜி ரவுட்டருக்கு இடம் தேடினால் அலைச்சல்தான் மிச்சம். எவ்வளவு சிக்னலுக்கு எத்தனை கோடு காட்ட வேண்டும் என்று பொதுவான விதி எதுவும் கிடையாது, அந்தந்த போன் கம்பெனியும் ரவுட்டர் கம்பெனியும் தங்கள் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்கின்றன. 2010இல் ஐபோன் 4 வந்தபோது கையில் பிடித்தால் சிக்னல் விழுகிறது என்று ஒரு கலாட்டா நடந்ததே, அப்போது ஆப்பிளே ஒரு கடிதம் வெளியிட்டு, கோடுகளைக் கணக்கிடும் சூத்திரமே தப்பு, பல நேரம் இருக்க வேண்டியதைவிட இரண்டு கோடு கூடுதலாகக் காட்டிவிட்டோம் என்று ஒத்துக்கொண்டது. அவர்கள் கதையே அப்படி என்றால், ஆன்லைனில் மலிவாக வாங்கிய ரவுட்டரின் முன்பக்கம் எரிகிற மூன்று பச்சை விளக்கை எதற்கு நம்புவது?

இதை எழுதக் காரணம் என் மாமாவின் தோட்டத்து வீடு. ஆனைமலைக்கு மேற்கே, கேரள எல்லையை ஒட்டி, சுற்றிலும் தென்னந்தோப்பு. ஊருக்குள் பைபர் வந்துவிட்டது, தோட்டம் வரை இழுத்துக் கொடுக்கத்தான் ஆள் இல்லை. வீட்டு மருமகள் இங்கிருந்தபடியே ஒரு கம்பெனிக்கு வேலை பார்க்கிறார், வீடியோ கால் அறுந்து போகாமல் நிற்க வேண்டும். மாமாவுக்குக் கொப்பரை காயப்போட்ட களம் எந்நேரமும் கேமராவில் தெரிய வேண்டும். "ஏ மாப்ள, நாலு கோடும் நிக்குது, அப்பறம் எதுக்கு இந்தச் சுத்து சுத்துது?" என்றார். அதைவிட அவரைக் குழப்பிய விஷயம், கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டரில் இருக்கிற சிம்முக்கு மிஸ்டு கால் கொடுத்தால் ஒரு நாளும் தவறாமல் மோட்டார் ஓடுகிறது என்பது. அந்த ஸ்டார்ட்டர் 2ஜியில் ஓடுவது. ஒரு மிஸ்டு காலும் ஒரு எஸ்எம்எஸ்ஸும் போய்ச் சேர்வதற்கு வேண்டிய சிக்னலுக்கும், விடாமல் வீடியோ அனுப்புவதற்கு வேண்டிய சிக்னலுக்கும் சம்பந்தமே இல்லை.

சரி, கோட்டை விட்டுவிட்டு எதைப் பார்ப்பது? எண்களை. பெரும்பாலான 4ஜி ரவுட்டர்களில் பிரவுசரில் 192.168.1.1 என்றோ ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் வேறு முகவரியையோ அடித்து உள்ளே போனால், எங்காவது ஒரு மூலையில் 'நெட்வொர்க் நிலை' மாதிரி ஒரு பக்கம் இருக்கும். ஐபோனில் *3001#12345#* என்று டயல் செய்தால் கிடைக்கும். ஆண்ட்ராய்டில் *#*#4636#*#* சில போன்களில் வேலை செய்யும், இல்லாவிட்டால் நெட்மான்ஸ்டர், செல்மேப்பர் போன்ற ஆப் ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம். அங்கே மூன்று நான்கு எண்கள் தெரியும், எல்லாமே அநேகமாக மைனஸில். பயப்பட வேண்டாம், பூஜ்யம் டிபிஎம் (சிக்னலின் சக்தியை அளக்கும் அலகு) என்பது ஒரு மில்லிவாட், காற்றில் வந்து சேர்வது அதைவிட எவ்வளவோ கோடி மடங்கு சின்னது என்பதால்தான் மைனஸ். மைனஸ் 80 நல்லது, மைனஸ் 110 மோசம். 3 டெசிபெல் கூடினால் சக்தி இரண்டு மடங்கு, 10 கூடினால் பத்து மடங்கு. அதாவது மைனஸ் 80க்கும் மைனஸ் 110க்கும் நடுவில் இருப்பது முப்பது புள்ளி இல்லை, ஆயிரம் மடங்கு. ரவுட்டரை ஜன்னல் பக்கம் நகர்த்தி மைனஸ் 101 மைனஸ் 95 ஆனால் "ஆறுதானே" என்று நினைக்கக் கூடாது, அது நாலு மடங்கு.

இதில் கடைக்காரர்களே குழம்புகிற இடம் ஒன்று உண்டு. ஆர்எஸ்எஸ்ஐ என்று ஒரு எண், ஆர்எஸ்ஆர்பி என்று இன்னொரு எண். ஒரே ரவுட்டர், ஒரே நேரம், முதலாவது மைனஸ் 74 என்றும் இரண்டாவது மைனஸ் 104 என்றும் காட்டும். முதலாவதைப் பார்த்தவர் "சூப்பர் சிக்னல்" என்பார், இரண்டாவதைப் பார்த்தவர் "சுமார்தான்" என்பார். இரண்டாவது ஆள்தான் சரி. ஆர்எஸ்எஸ்ஐ என்பது அந்த அலைவரிசையின் மொத்த அகலத்திலும் வந்து விழுகிற எல்லாம் சேர்ந்த கூட்டுத்தொகை: நம் டவர், பக்கத்து டவர், இரைச்சல், எல்லாமே அதில் அடக்கம். ஆர்எஸ்ஆர்பி என்பது நம் டவர் அனுப்பும் குறிப்பு சிக்னலை மட்டும், 15 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு துண்டுக்கு எவ்வளவு என்று சராசரி எடுத்துச் சொல்வது. 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் அப்படி 1200 துண்டு இருப்பதால், டவர் முழு வேலையில் இருக்கும்போது இரண்டு எண்களுக்கும் சுமார் 30 டெசிபெல் வித்தியாசம் வருவது இயல்பு. என் அனுபவத்தில் ஆர்எஸ்ஆர்பி மைனஸ் 90க்கு மேல் இருந்தால் அந்தப் பக்கம் கவலைப்பட எதுவும் இல்லை, மைனஸ் 100 வரை ஓட்டலாம், மைனஸ் 110ஐத் தாண்டினால் ஆன்டெனா பற்றி யோசிக்க வேண்டும், 120ஐ நெருங்கினால் அது வருவதும் போவதுமாகத்தான் இருக்கும்.

ஆனால் மாமா வீட்டில் ஆர்எஸ்ஆர்பி மோசமே இல்லை. கூடத்தில் மைனஸ் 93. அதனால்தான் நாலு கோடு. படுத்துக்கொண்டது எஸ்ஐஎன்ஆர், அதாவது நமக்கு வேண்டிய சிக்னல் இரைச்சலையும் மற்ற டவர்களின் குறுக்கீட்டையும் விட எவ்வளவு மேலே நிற்கிறது என்கிற எண். கல்யாண மண்டபத்தில் பக்கத்து நாற்காலிக்காரர் சத்தமாகத்தான் பேசுகிறார், ஆனால் நாதஸ்வரமும் தவிலும் மைக் செட்டும் சேர்ந்து ஒரு வார்த்தை புரியவில்லை என்றால் அவர் குரலின் வலு பிரச்சினை இல்லையே. இந்த எண் 20க்கு மேல் இருந்தால் பிரமாதம், 10க்கு மேல் நல்லது, 5க்குக் கீழே தடுமாற்றம், பூஜ்யத்துக்குக் கீழே போனால் வரவேண்டியதைவிட இரைச்சல்தான் அதிகம் என்று அர்த்தம். கூடத்தில் அது 1க்கும் 3க்கும் நடுவில் ஆடிக்கொண்டிருந்தது. தட்டையான நிலம், பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கம் மறிக்க மலை கிடையாது, எங்கெங்கோ உள்ள டவர்களெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் காதில் விழுகின்றன. 4ஜியில் பக்கத்துப் பக்கத்து டவர்கள் ஒரே அலைவரிசையைத்தான் பகிர்ந்துகொள்ளும், ஆகவே நமக்கு வேண்டாத டவர் தெரிவது லாபம் இல்லை, நஷ்டம். ஆர்எஸ்ஆர்பியை மொத்த ஆர்எஸ்எஸ்ஐயோடு ஒப்பிட்டுச் சொல்லும் ஆர்எஸ்ஆர்கியூ என்றும் ஒரு எண் இருக்கும், அதைத் தனியாகப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். சொந்த டவரில் கூட்டம் அதிகமானாலே அது மைனஸ் 10, 11க்கு இறங்கிவிடும், குறுக்கீடே இல்லாத இடத்தில்கூட. மைனஸ் 15ஐத் தாண்டினால்தான் சந்தேகப்பட வேண்டும்.

எப்போது அளக்கிறோம் என்பதும் முக்கியம். காலை ஆறு மணிக்கு அளந்தால் எஸ்ஐஎன்ஆர் 12 காட்டுகிற அதே மாடி, இரவு ஒன்பது மணிக்கு 3 காட்டும். டவரும் நகரவில்லை, வீடும் நகரவில்லை. சுற்றியுள்ள டவர்களெல்லாம் ஐபிஎல் காட்டிக்கொண்டு முழு மூச்சில் வேலை செய்வதால் இரைச்சல் ஏறிவிடுகிறது, போதாததற்கு நம் டவரின் நேரத்தையும் எல்லோரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். அந்த இரண்டாவதற்கு ஆன்டெனாவில் மருந்து இல்லை. எஸ்ஐஎன்ஆர் 18 இருந்தும் ராத்திரி மட்டும் இழுக்கிறது என்றால் டவரில் ஆள் கூட்டம் என்று புரிந்துகொண்டு வேறு பேண்டோ (அலைவரிசைப் பட்டை) வேறு கம்பெனியோ பார்க்க வேண்டியதுதான். என்னைக் கேட்டால் எதையும் வாங்குவதற்கு முன்பு செய்ய வேண்டிய முதல் செலவு, இருக்கிற கம்பெனிகளின் சிம்மில் ஆளுக்கொன்று சின்ன பிளான் போட்டு, சாயங்காலமும் இரவும் அதே ரவுட்டரில் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பது. ஊரில் யாரைக் கேட்டாலும் "இங்க இதுதானுங்க நல்லா எடுக்கும்" என்று ஒரு பெயரைச் சொல்வார்கள். எல்லோரும் அதையே வாங்கியிருப்பதுதான் சில நேரம் பிரச்சினையே.

பேண்ட் என்றேன், அதை இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் வேகத்தில் பெரிய மாற்றம் கிடைத்தது அங்கேதான். ஜியோவின் 4ஜி 850, 1800, 2300 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. ஏர்டெல்லுக்கு 900, 1800, 2100, 2300. பிஎஸ்என்எல் புதிதாகப் போடும் 4ஜிக்கு 700ம் 2100ம். ரவுட்டர் பக்கத்தில் இவை பேண்ட் 5, 3, 40, 8, 1, 28 என்று எண்களாகத் தெரியும். தாழ்ந்த அலைவரிசை தூரம் போகும், சுவரையும் மரத்தையும் ஓரளவு கடந்து வரும். மரமே இல்லாத வெட்டவெளியில்கூட 850ஐ விட 2300 சுமார் 8, 9 டெசிபெல் கம்மியாகத்தான் வந்து சேரும். அதனால் தோப்புக்குள் இருக்கிற ரவுட்டர் இயல்பாகவே தாழ்ந்த பேண்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். கோடு முழுசாகத் தெரியும். ஆனால் தாழ்ந்த பேண்டில் கம்பெனிகளிடம் இருக்கிற அகலம் குறைவு. 5 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில், எல்லாம் கச்சிதமாக இருந்தாலே, சாதாரண இரட்டை ஆன்டெனா 4ஜிக்கு அதிகபட்சம் 37 எம்பிபிஎஸ் சொச்சம். அதை அந்த டவரின் கீழ் வீட்டுக்குள்ளேயும் தோப்புக்குள்ளேயும் மாட்டிக்கொண்ட எல்லா போன்களும் பங்கு போட வேண்டும். 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் கிடைத்தால் அதே கணக்கு 150. ஆகவே 1800இல் ஆர்எஸ்ஆர்பி பத்து டெசிபெல் குறைவாக இருந்தாலும் எஸ்ஐஎன்ஆர் நன்றாக இருந்தால் ரவுட்டரை அந்தப் பேண்டிலேயே பூட்டிவிடுவது உத்தமம். மாமா வீட்டில் அப்படிப் பூட்டியதும் கோடு நாலிலிருந்து இரண்டாகக் குறைந்தது, வீடியோ கால் அறுந்து போகாமல் நின்றது. "கோடு கொறஞ்சு போச்சே மாப்ள" என்று மாமா கொஞ்ச நேரம் சங்கடப்பட்டார்.

எல்லா ரவுட்டரிலும் பேண்ட் பூட்டும் வசதி இருக்காது, கம்பெனிக்காரர்கள் சிம்மோடு சேர்த்து விற்கும் பெட்டிகளில் பெரும்பாலும் மறைத்துவிடுவார்கள். வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி இது, "எத்தனை ஆன்டெனா கொம்பு இருக்கு" என்பது அல்ல. அதோடு கேட்டகிரி என்று ஒரு எண் இருக்கும். கேட்டகிரி 4 என்றால் ஒரு நேரத்தில் ஒரு பேண்ட்தான். 6 என்றால் இரண்டு பேண்டைச் சேர்த்து இழுக்கும். தோப்பு மாதிரி இடத்தில் 850இன் உறுதியும் 1800இன் அகலமும் ஒன்றாகக் கிடைப்பது பெரிய விஷயம், கொஞ்சம் காசு கூடப் போனாலும் 6 வாங்குங்கள்.

இனி இடம். ரவுட்டர் என்றாலே டிவி ஸ்டாண்டில், நடுக்கூடத்தில் வைக்க வேண்டும் என்று ஒரு பழக்கம் வந்துவிட்டது, காரணம் வைஃபை வீடு முழுக்க எட்ட வேண்டுமாம். 4ஜி ரவுட்டருக்கு இரண்டு வேலை. டவரோடு பேசுவது ஒன்று, வீட்டுக்குள் வைஃபை கொடுப்பது இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே இடம் ஒத்துவருவது அபூர்வம். இரண்டையும் பிரித்துவிடுங்கள். டவர் நன்றாகத் தெரிகிற இடத்தில் 4ஜி பெட்டி, அங்கிருந்து ஒரு நல்ல ஈதர்நெட் கேபிள் (100 மீட்டர் வரை தாராளமாக இழுக்கலாம், ஒரு பிட்டும் வலுவிழக்காது), கீழே கூடத்தில் சாதாரண வைஃபை ரவுட்டர் ஒன்று. இவ்வளவுதான். ஆன்டெனா, பூஸ்டர் என்று தேடுகிறவர்களில் பாதிப்பேருக்கு இதுவே போதும் என்பது என் அபிப்ராயம். மாமா வீட்டில் மாடிப்படி ஏறி முடிகிற இடத்தில் ஹெட்ரூம் இருக்கிறது, அதன் கிழக்கு ஜன்னலில் வைத்தபோது எஸ்ஐஎன்ஆர் ஒரேயடியாக ஏறியது. காரணம் புரிந்துகொள்வது சுலபம்: ஜன்னல் பக்கம் டவர் இருக்கிறது, மற்ற மூன்று பக்கமும் சுவர், அந்தச் சுவர் வேண்டாத டவர்களை மறைத்துக் கொடுக்கிறது. சுவர் எப்போதும் எதிரி இல்லை. அப்புறம், கம்பி வைத்த கான்கிரீட் கூரை நிறையச் சாப்பிடும், தகரக் கூரை கிட்டத்தட்ட முழுசாக மறைக்கும், ஆகவே தகர ஷெட்டுக்குள் ரவுட்டரை வைத்துவிட்டு சிக்னலைத் தேடக் கூடாது. மொட்டை மாடியில் இரும்புப் பெட்டிக்குள் வைத்தாலும் அதே கதிதான், அதோடு சித்திரை வெயிலில் உள்ளே வெந்தும் போகும்.

தோப்பைப் பற்றிச் சொல்கிறேன், இது தென்னை வைத்திருப்பவர்களுக்கு மட்டும். "பைப்பு நட்டு மேல ஏத்துங்க, எல்லாம் சரியாயிரும்" என்பதுதான் எல்லோரும் சொல்கிற யோசனை. உயரம் நல்லதுதான், ஆனால் எதைத் தாண்டிய உயரம் என்று பார்க்க வேண்டும். இரண்டு கிலோமீட்டர் தள்ளி நிற்கிற 40 மீட்டர் டவரிலிருந்து வரும் அலை தலைக்கு மேலிருந்து வருவதில்லை, கிட்டத்தட்ட படுக்கைவாட்டில் வருகிறது. நெட்டை மரத் தோப்பில் மட்டைகளும் குலைகளும் ஒரு மட்டத்தில் அடர்ந்திருக்கும், அதற்குக் கீழே வெறும் தண்டுதான், நடுவில் நிறைய வெட்டவெளி. ஆன்டெனாவை மாடியிலிருந்து தூக்கத் தூக்க எண்கள் ஏறிக்கொண்டே வந்து, மட்டை மட்டத்துக்குப் போனதும் திரும்ப விழுந்தன. மரத்தைத் தாண்டி மேலே போவதென்றால் அதற்கு பைப் போதாது, டவரே கட்ட வேண்டும். மட்டைக்குக் கீழே நிறுத்துவதுதான் அங்கே நல்ல இடம். குட்டை ரகம் வைத்த தோப்பில் கணக்கு தலைகீழ், அங்கே மட்டை தாழ்வாக இருப்பதால் மாடி உயரமே மரத்தைத் தாண்டிவிடும். இன்னொன்று, நேராகப் பார்த்தால் டவர் உச்சி தெரிகிறது என்பதற்காக வழி சுத்தம் என்று நினைக்கக் கூடாது. அலை ஒரு கோடாக வருவதில்லை. இரண்டு கிலோமீட்டர் தூரத்தில், 1800 மெகாஹெர்ட்ஸில், நடுவழியில் சுமார் 9 மீட்டர் ஆரமுள்ள ஒரு இடைவெளி அதற்கு வேண்டும், அதில் பெரும்பகுதியை மரம் அடைத்தால் கண்ணுக்குத் தெரிந்தும் பிரயோஜனம் இல்லை.

எந்த டவர் நம்முடையது என்று கண்டுபிடிப்பதில் ஒரு ருசி இருக்கிறது, பொழுதும் போகும். தொலைத்தொடர்புத் துறையின் தரங் சஞ்சார் தளத்தில் சுற்றியுள்ள டவர்கள் மேப்பில் தெரியும். ரவுட்டர் காட்டும் செல் ஐடி என்ற அடையாள எண்ணை 256ஆல் வகுத்தால், முழு எண் அந்த டவர், மீதி வருவது அந்த டவரில் எந்தப் பக்கத்துச் செக்டர் என்பது. முழு எண் மாறினால் வேறு டவருக்குத் தாவிவிட்டது என்று அர்த்தம். டைமிங் அட்வான்ஸ் என்று ஒரு எண்ணை உங்கள் பெட்டி காட்டினால் இன்னும் வசதி, அதை 78ஆல் பெருக்கினால் டவர் ஏறத்தாழ எத்தனை மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வந்துவிடும். மாமா வீட்டில் வலுவான டவர் ஊர்ப்பக்கம், நல்ல டவர் கிழக்கே கொஞ்சம் தள்ளி. ஊர் டவரின் முகம் எதுவும் இந்தத் தோட்டத்தை நேராகப் பார்க்கவில்லை, இரண்டு செக்டர்களின் இடுக்கில் வீடு விழுந்திருந்தது, இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டன.

இங்கேதான் திசை ஆன்டெனாவுக்கு வேலை. அதன் பெரிய உபயோகம் வேண்டிய டவரைப் பெரிதாக்குவது என்று நினைக்கிறார்கள், வேண்டாத டவர்களை ஒதுக்குவதுதான் பாதிக்கு மேற்பட்ட உபயோகம். ஆகவே எல்லாப் பக்கமும் கேட்கிற கம்பு ஆன்டெனாவை இப்படிப்பட்ட இடத்தில் மாட்டினால் ஆர்எஸ்ஆர்பி ஏறும், எஸ்ஐஎன்ஆர் அங்கேயே நிற்கும், காசு போனதுதான் மிச்சம். மீன்முள் மாதிரி இருக்கும் லாக் பீரியாடிக் வகை 700இலிருந்து 2700 வரை எல்லாப் பேண்டுக்கும் ஒத்துவரும், உண்மையான ஆதாயம் 9, 10 டெசிபெல் சுற்றி. ஆன்லைனில் உள்ளங்கை அகலப் பட்டையைக் காட்டி 35 என்று எழுதியிருப்பார்கள். 2000 மெகாஹெர்ட்ஸில் 35 வேண்டுமென்றால் மூன்றரை மீட்டர் விட்டத்தில் டிஷ் வைக்க வேண்டும், அது மாடியில் நிற்காது. எந்த ஆன்டெனாவானாலும் இரண்டு வேண்டும், அல்லது ஒரே பெட்டிக்குள் இரண்டு உள்ளது வேண்டும். 4ஜி இரண்டு தனித்தனி ஓடையாகத் தரவை அனுப்புகிறது. ஒன்றை மட்டும் மாட்டினால் எண் அழகாக ஏறிவிட்டு வேகம் பாதியாவதைப் பார்க்கலாம். இரண்டையும் ஒன்று இந்தப் பக்கம் 45 டிகிரி, மற்றது அந்தப் பக்கம் 45 டிகிரி சாய்த்து, ஒரே டவரைப் பார்த்து மாட்ட வேண்டும். திருப்பும்போது கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடமாவது விட்டு எஸ்ஐஎன்ஆரைப் பாருங்கள், எண் உடனே மாறாது. மாடியில் ஒருவர் திருப்ப, கீழே ஒருவர் எண்ணைக் கத்த, தூரதர்ஷன் காலத்துச் சடங்கு அப்படியே திரும்பி வந்துவிட்டது.

கேபிளில் கோட்டை விடுகிறவர்கள் அதிகம். ஆன்டெனாவோடு இலவசமாக வரும் மெல்லிய கறுப்புக் கேபிள் பெரும்பாலும் ஆர்ஜி58 அல்லது அதைவிட மட்டம். 2300 மெகாஹெர்ட்ஸில் அது மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டெசிபெல் தின்னும். பத்து மீட்டர் இழுத்தால் பத்து டெசிபெல், அதாவது காசு கொடுத்து வாங்கிய ஆதாயம் முழுசாகக் கேபிளிலேயே கரைந்துவிட்டது. எல்எம்ஆர்400 வகைத் தடிமன் கேபிளில் அதே பத்து மீட்டருக்கு இரண்டு சொச்சம்தான், ஆனால் விலையும் அதிகம், விரல் தடிமனுக்கு இருப்பதால் வளைப்பதும் கஷ்டம். அதனால்தான் பெட்டியையே மேலே கொண்டுபோய் வைத்து ஈதர்நெட்டைக் கீழே இறக்குங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். ஜியோ ஏர்பைபரில் மாடியில் ஒரு பெட்டியை மாட்டி ஒரே கேபிளைக் கீழே இறக்குகிறார்களே, அதே ஏற்பாடுதான். ஆன்டெனாவுக்கும் ரவுட்டருக்கும் நடுவில் இரண்டு மூன்று மீட்டருக்கு மேல் கேபிள் இருக்க வேண்டிய அவசியம் வீடுகளில் அநேகமாக இல்லை.

அப்லோடைப் பற்றி யாரும் பேசுவதில்லை. டவர் நம்மை நோக்கி 40 வாட் அளவில் பேசுகிறது, நம் ரவுட்டர் பதில் சொல்வது அதிகபட்சம் 0.2 வாட்டில். இருநூறு மடங்கு வித்தியாசம். அது சொல்வது நமக்குக் கேட்கும், நாம் சொல்வது அதற்கு எட்டாது. யூடியூப் ஓடுகிறது, வாட்ஸப்பில் போட்டோ மட்டும் போகமாட்டேன் என்கிறது, மீட்டிங்கில் எல்லோரும் தெரிகிறார்கள், நம் முகம் மட்டும் உறைந்து நிற்கிறது என்றால் இதுதான் நோய். திசை ஆன்டெனா போகிற வழிக்கும் அதே ஆதாயத்தைக் கொடுக்கும் என்பதால் இதற்கு உண்மையான மருந்து அதுதான். களத்துக் கேமராவும் முழுக்க அப்லோடையே நம்பி இருப்பதால் ஆன்டெனா மாட்டியபோது மாமாவுக்குத் தெரிந்த முதல் வித்தியாசம் கேமராவில்தான்.

பூஸ்டர் வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு: வேண்டாம். வெளியே ஒரு ஆன்டெனா, நடுவில் பெருக்கி, உள்ளே ஒரு ஆன்டெனா என்று ஆன்லைனில் விற்கிற அந்தப் பெட்டிகளை இந்தியாவில் அனுமதி இல்லாமல் தனியார் வைத்திருப்பதும் விற்பதும் சட்டவிரோதம், அதிகாரிகள் சோதனை போட்டுப் பிடுங்கிக்கொண்டு போன செய்திகள் அவ்வப்போது வருகின்றன. சட்டத்தை விடுங்கள், அது சிக்னலோடு சேர்த்து இரைச்சலையும் பெருக்குகிறது, ஆக எஸ்ஐஎன்ஆர் ஏறாது. டவர் பக்கம் போகிற வழியில் இரைச்சலைக் கொட்டி அந்த ஏரியா முழுக்க எல்லோருடைய அப்லோடையும் கெடுக்கும். ரவுட்டரில் மாட்டும் ஆன்டெனா அப்படிப்பட்டதில்லை, அதற்குக் கரண்டே வேண்டாம், எதையும் பெருக்காது.

மழை பெய்தால் சிக்னல் போய்விடும் என்பது பாதிதான் உண்மை. இந்த அலைவரிசைகளில் மழைத்துளி செய்கிற சேதம் கிலோமீட்டருக்கு ஒரு டெசிபெல்லில் நூறில் ஒரு பங்கு என்ற அளவில்தான், டிடிஎச் டிஷ்ஷுக்கு நடப்பது இதற்கு நடக்காது. நனைந்த மட்டை அதைவிட நிறையத் தின்னும், அது தென்மேற்குப் பருவமழை காலத்தில் ஆனைமலைப் பக்கம் நன்றாகவே தெரியும். ஆன்டெனா கனெக்டருக்குள் தண்ணீர் இறங்கினால் அதற்கு அப்புறம் வெயில் அடித்தாலும் சரியாகாது, ஆகவே ரப்பர் டேப்பை நீட்டி இழுத்துச் சுற்றி, கேபிள் வீட்டுக்குள் நுழையும் முன் ஒரு வளைவு தொங்கும்படி விட்டால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். ஆனால் மழையன்று நெட் போவதற்கு முக்கால்வாசி நேரம் காரணம் கரண்ட் போவதுதான். டவரின் பேட்டரி தீர்ந்ததும் அது அணைகிறது, ரவுட்டர் அடுத்த தூரத்து டவரைப் பிடிக்கிறது, கரண்ட் வந்தபிறகும் அங்கேயே தொங்கிக்கொண்டு நிற்கிறது. மழை விட்டும் நெட் இழுத்தால் செல் ஐடியைப் பார்த்துவிட்டு ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தால் போதும். விடியற்காலையில் தானாக ரீஸ்டார்ட் ஆகும்படி வைத்துக்கொண்டால் அந்த வேலையும் மிச்சம். இரும்பு பைப்பில் ஆன்டெனா நட்டிருந்தால் எர்த் செய்யாமல் விடாதீர்கள், கோடை இடியில் ஈதர்நெட் வழியாக டிவி வரைக்கும் போகும்.

5ஜி ரவுட்டர் வாங்கட்டுமா என்பது மாமாவின் புதுக் கேள்வி. இப்போதைக்கு வேண்டாம் என்றிருக்கிறேன். வேகம் கொடுக்கிற 5ஜி 3500 மெகாஹெர்ட்ஸ் பக்கம் இருக்கிறது, 2300ஐயே தின்கிற தோப்பு அதை விட்டுவைக்காது. ஜியோ 2022 ஏலத்தில் எடுத்த 700 மெகாஹெர்ட்ஸ் தோப்புக்குள் நன்றாக வரும், ஆனால் அகலம் 10தான், கோடு முழுசாகக் காட்டி மேலே 5ஜி என்று எழுதிக்கொண்டு இன்றைய 4ஜி வேகத்தைத்தான் கொடுக்கும். கிழக்கு டவரில் 3500 ஏறியதும் ஒரு 5ஜி போனை எடுத்துக்கொண்டு ஹெட்ரூம் ஜன்னலில் நின்று ராத்திரி ஒன்பது மணிக்கு எஸ்ஐஎன்ஆரைப் பார்க்க வேண்டும். அது பத்துக்கு மேல் வந்தால் வாங்கலாம்.